மேரியட் பிரிகேடும் மலைப்பூண்டும்

கொடைக்கானலுக்குப் பக்கத்தில்தான் வில்பட்டி. ஆனால் ஏரியைச் சுற்றி சைக்கிள் விடுகிற கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. படிப்படியாக இறங்கும் தோட்டங்கள். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. சாயங்காலம் ஆனால் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போகும். நண்பரின் தோட்ட வீட்டில் இரண்டு நாள் தங்கல். செல்போனில் சிக்னல் இல்லை. ஆகவே படித்தேன்.

கொண்டுபோனது ஜானின் வெடல் எழுதிய 'கொலிஷன் அண்ட் கொல்யூஷன்'. 'மோதலும் கூட்டுக்களவும்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1998-ல் வந்த புத்தகம். வெடல் அம்மையார் ஒரு மானுடவியல்காரர். பழங்குடிகளை ஆராய்வது போல, போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் யோசனை சொல்லப் போன மேல்நாட்டு நிபுணர்களை ஆராய்ந்திருக்கிறார்.

1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. கம்யூனிச நாடுகள் ஒரே ராத்திரியில் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறியாக வேண்டும். பங்குச் சந்தை என்றால் என்ன, திவால் சட்டம் எப்படி எழுதுவது, வரி எப்படி வசூலிப்பது, எதுவும் தெரியாது. 'கவலைப்படாதீங்க, சொல்லித் தர்றோம்' என்று மேலை நாடுகள் கிளம்பி வந்தன. இதற்குப் பெயர் தொழில்நுட்ப உதவி. அதாவது, கையில் காசு தராமல் ஆளை அனுப்புவது. அந்த ஆளுக்குச் சம்பளம், விமான டிக்கெட், ஹோட்டல் பில் எல்லாம் உதவிக் கணக்கில் சேரும்.

பி.காம். முதல் வருஷத்தில் ஒரு பொன்விதி சொல்லித் தருவார்கள். பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு. இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது அந்த விதிதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பேரேட்டில் பெறுபவர் போலந்து. காசைப் பெற்றவர் கன்சல்டன்ட். பேர் வாங்கியது அமெரிக்கா!

வார்சாவில் அப்போது புத்தம் புது மேரியட் ஹோட்டல். நிபுணர்கள் அங்கே இறங்குவார்கள், நாலு அலுவலகத்தில் தலையைக் காட்டுவார்கள், அறிக்கை எழுதுவார்கள், பறந்துவிடுவார்கள். போலந்துக்காரர்கள் இவர்களுக்கு வைத்த செல்லப் பெயர் 'மேரியட் பிரிகேடு'. புத்தகத்தின் மிக நல்ல பகுதி இது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, "என்ன தம்பி, தனியாச் சிரிக்கிறீங்க?" என்றார். கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இங்கயும்தான் வந்தாங்க. ஜீப்ல. பூண்டை விடுங்க, பிளாஸ்டிக் குடில் போட்டு கார்னேஷன் வைங்கன்னாங்க. படம் எல்லாம் போட்டுக் காமிச்சாங்க. கடன் வாங்கிப் போட்டேன். ஆடிக் காத்துல பிளாஸ்டிக் கிழிஞ்சுபோச்சு. போன் பண்ணா, அவரு வேற ஊருக்கு மாத்தலாயிட்டாராம். யோசனை சொல்றவன் நடவுக்கு வர்றான் தம்பி. வெள்ளாமை எடுக்கறப்ப ஒருத்தனும் இல்ல."

புத்தகம் பல பக்கங்களில் சொல்வதைப் பெரியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ரஷ்யக் கதைக்கு வருகிறேன். அங்கே யோசனை சொன்னது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சர்வதேச வளர்ச்சி நிறுவனம். யு.எஸ்.எய்ட் கொடுத்த பணம் சுமார் 4 கோடி டாலர். ரஷ்யாவில் சுபாய்ஸ் என்பவரைச் சுற்றியிருந்த ஒரு சின்னக் கூட்டத்துடன் மட்டுமே கை கோத்துக்கொண்டு வேலை நடந்தது என்பதுதான் வெடலின் குற்றச்சாட்டு. பாராளுமன்றத்தைக் கேட்பதெல்லாம் நேர விரயம் என்று நினைத்தார்கள். ஜனநாயகம் கற்றுத் தரப் போனவர்கள்!

1992 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு குடிமகனுக்கும் 10,000 ரூபிள் முகமதிப்பில் ஒரு வவுச்சர் கொடுத்தார்கள். 'இனி அரசுத் தொழிற்சாலைகளில் உங்களுக்கும் பங்கு' என்றார்கள். விலைவாசி எகிறிய வேகத்தில் அதை ஒரு பாட்டில் வோட்காவுக்கு விற்றவர்கள் உண்டு. அடிமாட்டு விலைக்கு அள்ளியவர்கள் முதலாளி ஆனார்கள்.

புத்தகம் வந்த பிறகுதான் கிளைமாக்ஸ். ஆலோசகர்கள் ஒப்பந்தத்தை மீறி ரஷ்யாவில் சொந்த முதலீடு செய்தார்கள் என்று 2000-ல் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. அதே வருஷம் அந்த நிறுவனம் மூடப்பட்டது. 2005-ல் சமரசம். ஹார்வர்டு 2.65 கோடி டாலர் கட்டியது. பொருளாதாரப் பேராசிரியர் ஆந்த்ரேய் ஷ்லைஃபர், தப்பை ஒப்புக்கொள்ளாமலே, 20 லட்சம் டாலர் தர சம்மதித்தார். இந்தப் பணம் யாருக்குப் போனது? அமெரிக்க அரசுக்கு. ரஷ்யனுக்கு ஒரு கோபெக் கிடையாது. தருபவருக்கு வரவு!

இனி என் புகார். வெடலைப் படித்து முடித்தால், வெளியூர் நிபுணர் என்றாலே மோசடி என்று தோன்றிவிடும். அது நியாயமில்லை. புத்தகம் வந்த அதே 1998-ல் ஐரோப்பிய யூனியன் வேறொரு முறையை ஆரம்பித்தது. பறந்து வந்து பறந்து போகிற கன்சல்டன்டுக்குப் பதிலாக, ஒரு நாட்டு அரசு அதிகாரி இன்னொரு நாட்டு அமைச்சகத்தில் குறைந்தது ஒரு வருஷம் மேஜை போட்டு உட்கார வேண்டும். போலந்து 2004-ல் யூனியனில் சேர்ந்ததற்குப் பின்னால் இந்த மாதிரி சுவாரஸ்யமில்லாத வேலைகளும் உண்டு. இந்தப் பாதிக் கதை புத்தகத்தில் இல்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாமும் ஒரு காலத்தில் இதே வரிசையில் நின்றவர்கள்தான். சென்னையிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது.

கிண்டி ஐ.ஐ.டி. 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு வந்தது. பேராசிரியர்களோடு பட்டறை ஃபோர்மேன்களும் வந்தார்கள். வருஷக்கணக்கில் இருந்தார்கள். நம் ஆசிரியர்கள் ஜெர்மனி போய்க் கற்றுவந்தார்கள். பிறகு சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்தது நந்தம்பாக்கம். அறுபதுகளில் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல்.லின் அறுவை சிகிச்சைக் கருவித் தொழிற்சாலை. நம் சர்ஜன்களுக்குப் பழகியது பிரிட்டிஷ் மாடல். ரஷ்ய வரைபடப்படி செய்த கருவிகள் கனமாக இருக்கின்றன என்று புகார். சரக்கு தேங்கியது. கத்தரி செய்யக் கற்றுக் கொடுத்தவர்கள், பிடிக்கப்போகிற கையைக் கேட்கவில்லை. முப்பது வருஷம் கழித்து அதே ரஷ்யர்கள் ஹார்வர்டு வாத்தியார் முன்னால் உட்கார்ந்தார்கள் என்பது சரித்திரத்தின் குறும்பு.

ஆக, வித்தியாசம் ஜெர்மனியா ரஷ்யாவா என்பதில் இல்லை. வந்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது? அனுப்பியவருக்கு மட்டுமா, கற்றுக்கொள்பவருக்குமா?

இந்தக் கேள்வி இன்று நமக்கும்தான். 1964-ல் தொடங்கிய ஐ.டி.இ.சி. திட்டத்தின் கீழ் இந்தியா நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிறது. தரமணியில் ஆப்பிரிக்க ஆசிரியர்கள் வந்து படிக்கிறார்கள். 2025 ஜூலையில் யு.எஸ்.எய்ட்டே கடையைக் கட்டிவிட்ட நிலையில், நம்மிடம் கேட்பவர்கள் இன்னும் அதிகமாகலாம். பெருமைதான். 'எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம்' என்பதை அறிக்கையில் போடுகிறோம். திரும்பிப் போனவர் ஊரில் என்ன விளைந்தது என்று யாராவது போய்ப் பார்க்கிறோமா?

கிளம்பும்போது பெரியவர் ஒரு கொத்து மலைப்பூண்டு கொடுத்தார். குடில் இருந்த இடத்தில் மறுபடி பூண்டுதான். கடன் இன்னும் பாக்கி.

"வெள்ளாமைக்கு வாங்க தம்பி" என்றார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னபடி போகாவிட்டால், நானும் மேரியட் பிரிகேடுதான்.