ஒரு ‘டா’வின் எடை

மலைப்பிரசங்கத்தில் கோபத்தைப் பற்றி வரும் பகுதியை (மத்தேயு 5:21-26) பெரும்பாலும் மன அமைதிக்கான அறிவுரையாகத்தான் விளக்குகிறார்கள். கோபத்தை அடக்கு, இனிமையாகப் பேசு, ரத்த அழுத்தம் குறையும். எனக்கென்னவோ அந்தப் பகுதி, யார் யாரை எப்படிக் கூப்பிடலாம் என்ற கேள்வியைப் பற்றியது என்றே தோன்றுகிறது. கொங்கு நாட்டில் வைத்துப் படித்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

முதலில் ஒரு பாடபேதம். புராட்டஸ்டன்ட் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், கோபிப்பவனுக்கு முன்னால் ‘நியாயமில்லாமல்’ என்றொரு சொல் நிற்கிறது. நான்காம் நூற்றாண்டு வாட்டிகன் சுவடியில் அதற்கான கிரேக்கச் சொல் இல்லை. சினாய் சுவடியிலும் முதலில் இல்லை. பின்னால் வந்த திருத்துநர் சேர்த்தது. கட்டளை ரொம்பக் கடுமையாக இருக்கிறதே என்று யாரோ ஒரு பிரதியாளர் மனமிரங்கியிருக்கலாம். 1995இல் வந்த திருவிவிலியம் அச்சொல்லை விட்டுவிட்டது. விட்டதுதான் சரி. எந்தப் பண்ணையக்காரருக்குத் தன் கோபத்துக்கு நியாயம் கிடைக்காமல் போயிருக்கிறது? ஆடு பக்கத்துக் காட்டில் வாய் வைத்துவிட்டது, மாட்டுக்குத் தண்ணி காட்டவில்லை. அந்த ஒரு சொல் இருந்தால் போதும், வசனம் அவரைத் தொடாமலே போய்விடும்.

அடுத்தது ‘ராகா’. அரமேயத்தில் ‘வெறுமையானவன்’ என்று பொருள். பெரிய கெட்ட வார்த்தை இல்லை. அன்றாடம் புழங்கிய லேசான வசவு. பழைய மொழிபெயர்ப்பின் ‘வீணன்’ அகராதிப்படி பொருத்தமானதுதான். ஆனால், கோயமுத்தூரில் யாரும் யாரையும் ‘வீணனே’ என்று திட்டுவதில்லை. அதனால் படிப்பவர் நிம்மதியாக அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறார்.

எங்கள் பேச்சில் ராகாவுக்கு நிகர் ‘டா’தான் என்பேன். ‘வாங்க, சொல்லுங்க’ என்ற மரியாதைக்குப் பேர்போன ஊர் இது. நடக்கப் பழகும் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்பார்கள். அதே வாய்தான் தோட்டத்தில் பாடுபடும் அறுபது வயது மாதாரியை ‘டேய், இங்க வாடா’ என்று கூப்பிட்டது. பண்ணையத்து வீட்டுச் சின்னப் பையனும் அப்படியே கூப்பிட்டான். அதில் கோபமே இல்லை, சாதாரணக் குரல்தான். நண்பர்களுக்குள்ளும் ‘டா’ உண்டே என்று கேட்கலாம். திருப்பி ‘டா’ போட முடிகிறதா என்பதுதான் வித்தியாசம்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ இதை ஒரு பிரசங்கமும் செய்யாமல் காட்டுகிறது. கவுண்டர் பண்ணையங்களில் ஆடு மேய்க்கும் சக்கிலியர் பிள்ளைகள் அதில் கூளையன், நெடும்பன், செவிடி. பண்ணையத்து மகனின் பெயர் செல்வன். ஒரு பக்கம் உடம்பின் குறையோ அளவோ பெயராகிவிட்டது. மறுபக்கம் செல்வமே பெயர். வசவு பெயராகவே ஒட்டிக்கொண்ட பிறகு திட்டுவதற்குக் கோபம் எதற்கு?

ஒரு மறுப்பு வரலாம்: மத்தேயு 23:17இல் இயேசுவே பரிசேயரையும் வேதபாரகரையும் அதே கிரேக்கச் சொல்லால் திட்டுகிறாரே? ஆமாம். பழைய மொழிபெயர்ப்பு முதல் இடத்தில் ‘மூடன்’ என்றும் இங்கே ‘மதிகேடர்’ என்றும் பிரித்துவிட்டதால், தமிழில் இந்த முரண் கண்ணில் படுவதில்லை. அந்தச் சொல் இங்கே அதிகாரம் உள்ளவர்களை நோக்கி மேலே போகிறது. கீழே இருப்பவன் மேல் விழுவது வேறு கதை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருந்தால் சபைகளில் நல்ல விவாதம் நடந்திருக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு வரும் காணிக்கை வசனம். உனக்கு யார் மேலாவது வருத்தம் இருந்தால் மன்னித்துவிடு என்று அது சொல்லவில்லை. உன் மேல் யாருக்காவது குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறது. மன்னிக்கும் பாரத்தைப் புண்பட்டவன் தலையில் ஏற்றாமல், புண்படுத்தியவனை எழுந்து நடக்கச் சொல்கிறது.

லண்டன் மிஷன் கோவைக்கு வந்தது 1830இல். கிட்டத்தட்ட இருநூறு வருஷமாக இந்த அதிகாரம் இங்கே வாசிக்கப்படுகிறது. இந்த வசனத்தைக் கேட்டு, பலிபீடத்திலிருந்து தோட்டத்துச் சாளை வரை நடந்துபோய், ‘வாங்க’ என்று ஒரு பெரியவரைக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கைத்தான் பிரசங்கங்கள் கேட்க வேண்டும்.