டஸ்டி இன் மெம்ஃபிஸ்: தயங்கும் குரலின் காதல் பாடல்கள்

'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' இங்கிலாந்தின் பாப் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் பாடல் தொகுப்பு. 1969இல் அட்லாண்டிக் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது. மொத்தம் 11 பாடல்கள். அரைமணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஏறக்குறைய எல்லாமே காதலைப் பற்றியவை.

வெளிவந்தபோது பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 99ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. பாடகியின் சொந்த நாட்டில் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. காலம் மாறியது. 2001இல் கிராமி அமைப்பின் புகழ் மண்டபத்தில் இந்த ஆல்பம் சேர்க்கப்பட்டது. 2020இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் இடம்பெற்றது.

அப்படியானால் இதைக் குறைத்து மதிப்பிடப்பட்ட படைப்பு என்று இன்னும் சொல்லலாமா? சொல்லலாம். ஆல்பத்தின் பெயர் பட்டியல்களில் ஏறிவிட்டது. ஆனால் அதில் பாடகி என்ன செய்திருக்கிறார் என்பது அரிதாகவே பேசப்படுகிறது. 'கறுப்பினப் பாடகியரைப் போலவே பாடிய வெள்ளைக்காரப் பெண்' என்ற ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். பாராட்டுப்போல ஒலிக்கும் அந்த வரி அவருடைய தனித்தன்மையை மறைத்துவிடுகிறது. டஸ்டியின் சாதனை இன்னொருவரைப்போலப் பாடியதில் இல்லை. காதலில் தன்மேல் நம்பிக்கை இல்லாத ஒருவரின் மனநிலையை, சத்தத்தைக் கூட்டாமல், குரலின் தயக்கத்தாலேயே காட்டியதில் இருக்கிறது.

பாடகி

டஸ்டியின் இயற்பெயர் மேரி இசபெல் கேத்தரின் பெர்னடெட் ஓ'பிரையன். 1939 ஏப்ரல் 16 அன்று லண்டனில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன் டாமுடன் சேர்ந்து 'தி ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ்' என்ற நாட்டுப்புறப் பாணிக் குழுவில் பாடினார். 1963இல் தனியாகப் பாடத் தொடங்கினார். 1966இல் 'யூ டோன்ட் ஹாவ் டு சே யூ லவ் மீ' என்ற பாடல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அது பெரிய வாத்தியக் குழுவுடன் உச்சத்தில் பாடப்படும் பாடல். உயர்த்திக் கட்டிய பொன்னிறக் கூந்தலும் அடர்ந்த கண்மையும் அவருடைய அடையாளமாகின.

அமெரிக்கக் கறுப்பின இசைமீது அவருக்கு இருந்த பற்று மேலோட்டமானதல்ல. 1965இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மோட்டவுன் நிறுவனக் கலைஞர்களுக்கான சிறப்பு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். அந்த இசை பிரிட்டனில் பரவ அது உதவியது. அதற்கு முன்பே, 1964 இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்குப் பாடச் சென்றபோது, நிறவாரியாகப் பிரித்து உட்காரவைத்த அவையின் முன் பாட மறுத்தார். அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது.

மெம்ஃபிஸில் நடந்தது

1968இல் டஸ்டி அட்லாண்டிக் நிறுவனத்தில் சேர்ந்தார். அரீதா ஃபிராங்க்ளினின் பெரும் வெற்றிகளைத் தயாரித்த ஜெர்ரி வெக்ஸ்லர் அங்கே இருந்தார். வெக்ஸ்லர், ஆரிஃப் மார்டின், டாம் டவுட் ஆகிய மூவரும் சேர்ந்து இந்த ஆல்பத்தைத் தயாரித்தார்கள். 1968 செப்டம்பரில் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள அமெரிக்கன் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எல்விஸ் பிரெஸ்லி வந்து பதிவு செய்ததும் இதே கூடத்தில்தான்.

கூடத்தின் வாத்தியக் கலைஞர்கள் தேர்ந்தவர்கள். கிதாரில் ரெஜி யங், பேஸ் கிதாரில் டாமி காக்பில், டிரம்ஸில் ஜீன் கிறிஸ்மன், பியானோவில் பாபி வுட், ஆர்கனில் பாபி எமன்ஸ். எல்லாம் கூடியிருந்தும் பாடகியால் பாட முடியவில்லை. பெரிய சோல் பாடகர்கள் நின்று பாடிய இடத்தில் தானும் நிற்கிறோம், அவர்களோடு தன்னை ஒப்பிடுவார்கள் என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. வாத்தியப் பகுதிகள் மெம்ஃபிஸில் பதிவாயின. பாடகியின் இறுதிக் குரல் நியூயார்க்கில்தான் பதிவானது. பாடும்போது காதொலிப்பானில் இசையை மிகச் சத்தமாக வைக்கச் சொல்வார், தன் குரலே தனக்குக் கேட்காத அளவுக்கு என்று வெக்ஸ்லர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆக, 'மெம்ஃபிஸில் டஸ்டி' என்று பொருள்படும் ஆல்பத்தில் நாம் கேட்கும் குரல் மெம்ஃபிஸில் பாடியதல்ல. இதை வேடிக்கைத் தகவலாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் ஆல்பத்தைப் புரிந்துகொள்ள இதுவே வழி. தன் குரல்மேல் ஐயம் கொண்ட ஒருவர், தன் காதல்மேல் ஐயம் கொண்ட பெண்களைப் பற்றிய பாடல்களைப் பாடுகிறார். அந்த ஐயத்தை அவர் மூடி மறைக்கவில்லை. பாடலுக்குள் அதற்கு இடம் கொடுத்துவிட்டார்.

பாடல்கள்

ஆல்பம் 'ஜஸ்ட் எ லிட்டில் லவ்வின்' என்ற பாடலோடு தொடங்குகிறது. எழுதியவர்கள் பேரி மேன், சிந்தியா வைல். காலையில் எழுந்ததும் கிடைக்கும் கொஞ்சம் அன்பு காபியைவிட மேல் என்பதுதான் விஷயம். துள்ளலாகப் பாட இடமுள்ள பாடல் இது. டஸ்டி தூக்கம் கலையாத குரலில், தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியே பாடுகிறார். பக்கத்தில் ஒருவர் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறார், அவரை எழுப்பிவிடக்கூடாது என்பது போன்ற பாட்டு.

ராண்டி நியூமன் எழுதிய 'ஐ டோன்ட் வான்ட் டு ஹியர் இட் எனிமோர்' அவருடைய திறனை அறிய நல்ல சான்று. மெல்லிய சுவர்கள் கொண்ட வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். தன் காதலன் தன்னிடம் உண்மையாக இல்லை என்று அக்கம்பக்கத்தார் பேசுவது அவள் காதில் விழுகிறது. சரணங்களில் டஸ்டி பேச்சுக்கு அருகில், கீழ்ஸ்தாயியில் பாடுகிறார். பல்லவி வரும்போது வயலின்கள் எழும்புகின்றன. குரலும் உயர்கிறது, ஆனால் கதறலாக மாறுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடுமே என்ற கூச்சம் அந்த உயரத்திலும் இருக்கிறது. பாடல் வரிகளில் இல்லாத இந்தக் கூச்சத்தைப் பாடகிதான் சேர்த்திருக்கிறார்.

'பிரேக்ஃபாஸ்ட் இன் பெட்' எடி ஹின்டன், டானி ஃபிரிட்ஸ் இருவரும் எழுதியது. வேறொரு பெண்ணால் மனம் நொந்து, அழுத கண்களோடு வரும் ஒருவனை இவள் வீட்டுக்குள் அழைத்து ஆறுதல் சொல்கிறாள். தன்னைக் காதலிப்பதாக அவன் சொல்லவேண்டிய அவசியமில்லை என்கிறாள். 1966இல் டஸ்டி உச்சக்குரலில் பாடிய அதே கருத்து இங்கே அடங்கிய குரலில் திரும்பி வருகிறது. முன்பு அது மன்றாட்டு. இப்போது எதையும் எதிர்பார்க்கப் பழகிவிடாத ஒருத்தியின் பெருந்தன்மை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், இடையிலிருந்த சில ஆண்டுகளில் பாடகி எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது விளங்கும்.

கெர்ரி காஃபின், கேரல் கிங் இணையின் பாடல்கள் மட்டும் நான்கு இருக்கின்றன. அவற்றுள் 'நோ ஈஸி வே டவுன்' கவனமாகக் கேட்கவேண்டியது. உயரத்துக்குப் போனவர் இறங்கி வர எளிய வழி கிடையாது என்பது அதன் பொருள். தேவாலய இசையின் சாயலில் மெல்ல வளரும் பாடல். பின்னணியில் சிஸ்ஸி ஹூஸ்டன் தலைமையேற்ற 'தி ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ்' குழுவின் குரல்களைக் கேட்கலாம். அந்தப் பெண்களின் குரலில் உறுதி இருக்கிறது, டஸ்டியின் குரலில் நடுக்கம். ஆறுதல் சொல்பவர்களும் ஆறுதல் தேவைப்படுபவரும் ஒரே மேடையில் நிற்பதுபோல அது அமைந்துவிடுகிறது.

கடன் வாங்கிய குரலா?

ஆல்பத்தில் மிகவும் பிரபலமான பாடல் 'சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்'. அமெரிக்கா, பிரிட்டன் இரு நாடுகளிலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 1994இல் குவென்டின் டரன்டினோவின் 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தில் இடம்பெற்றதால் புதிய தலைமுறைக்கும் அறிமுகமானது. போதகரின் மகன் ஒருவனோடு இளவயதில் பழகியதை ஒரு பெண் நினைத்துப் பார்க்கிறாள். ஜான் ஹர்லி, ரோனி வில்கின்ஸ் எழுதிய இந்தப் பாடல் முதலில் அரீதா ஃபிராங்க்ளினிடம் போனது. அப்போது அவர் ஏற்கவில்லை. பிறகு 1970இல் வெளியான தம் ஆல்பத்தில் அவரும் பாடினார்.

இசை மாணவர்கள் இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டுக் கேட்கவேண்டும். அரீதா உண்மையிலேயே போதகரின் மகள். அவர் பாடும்போது அது ஒரு சபையின் முன் சொல்லும் சாட்சியம்போல் விரிகிறது. டஸ்டி பாடும்போது ஒரு தோழியின் காதில் சொல்லும் இரகசியமாகச் சுருங்குகிறது. ரெஜி யங்கின் கிதார் கொடுக்கும் சிறு இழைகளுக்கு இடையில், அவர் சொற்களை மெல்ல வழுக்கவிடுகிறார். இரண்டில் எது மேல் என்ற கேள்வி பயனற்றது. டஸ்டி அரீதாவைப்போலப் பாட முயன்றிருந்தால் தோற்றிருப்பார். தன்னால் அது முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவுதான் அவரைத் தம் சொந்தக் குரலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கறுப்பின மக்களின் தேவாலயங்களிலும் துயரங்களிலும் பிறந்த இசையை வெள்ளையர் பாடிப் பெயர் வாங்குவது குறித்த கேள்வி நியாயமானது. மார்ட்டின் லூதர் கிங் அதே மெம்ஃபிஸ் நகரில் 1968 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில மாதங்கள் கழித்துத்தான் இந்தப் பதிவு நடந்தது. டஸ்டி அந்தக் கடனை ஒருபோதும் மறைத்ததில்லை. கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு மிகுந்ததால்தான் அந்தக் கூடத்தில் அவருக்கு வாய் திறக்கவில்லை.

குறைகள்

ஆல்பம் குறையற்றதல்ல. சில இடங்களில் வயலின் கூட்டம் தேவைக்கு மேல் பொங்குகிறது. ஒற்றைக் கிதாரே போதும் என்று தோன்றும் இடத்தில் முழு வாத்தியக் குழுவும் வந்துவிடுகிறது. பர்ட் பக்கராக், ஹால் டேவிட் இணையின் 'இன் த லேண்ட் ஆஃப் மேக் பிலீவ்' அழகானது என்றாலும் மற்றப் பாடல்களின் மண்வாசனை அதில் இல்லை. 'தி வின்ட்மில்ஸ் ஆஃப் யுவர் மைன்ட்' மிஷெல் லெக்ராண்ட் இசையமைத்த திரைப்பாடல். ஆஸ்கர் பெற்றது. சுழன்றுகொண்டே போகும் அதன் மெட்டை டஸ்டி திறமையாகக் கையாள்கிறார். ஆயினும் அது வேறொரு ஆல்பத்திலிருந்து வந்த விருந்தாளியாகவே நிற்கிறது.

ஏன் கவனிக்கப்படவில்லை?

1969இல் ராக் இசை உச்சத்தில் இருந்தது. தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுபவரே கலைஞர், பிறர் எழுதியதைப் பாடுபவர் வெறும் பாடகர் என்ற எண்ணம் அங்கே வேரூன்றத் தொடங்கிய காலம் அது. டஸ்டி இந்த ஆல்பத்தில் ஒரு பாடலைக்கூட எழுதவில்லை. பழைய பாப் இரசிகர்களுக்கு ஆல்பம் அடக்கமாகப் பட்டது, ராக் இரசிகர்களுக்கு அவர் தொலைக்காட்சிப் பாடகியாகப் பட்டார். இரண்டு பக்கமும் ஆளில்லாமல் போயிற்று.

திரைப்பாடல் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுகளுக்கு இந்தப் பாகுபாடு விசித்திரமாகத் தோன்றும். கவிஞர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்பது நமக்குப் பழகிய முறை. எழுதாததால் பாடகரின் பங்கு குறைகிறது என்று நாம் நினைப்பதில்லை. ஒரு சொல்லை எங்கே அழுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது, எந்த இடத்தில் குரலை விட்டுவிடுவது என்பவை ஆக்கச் செயல்கள் என்று நமக்குத் தெரியும். அந்தக் காதோடு அணுகினால் இந்த ஆல்பம் உடனே திறந்துகொள்ளும்.

டஸ்டி பின்னர் நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்தார். 1987இல் பெட் ஷாப் பாய்ஸ் குழுவோடு பாடிய பாடல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம்வரை சென்று அவரை மீட்டெடுத்தது. 1999 மார்ச் 2 அன்று மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அதே மாதம் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

முதன்முறை கேட்பவர்கள் பிரபலமான பாடலில் தொடங்காமல் 'ஐ டோன்ட் வான்ட் டு ஹியர் இட் எனிமோர்' பாடலில் தொடங்கலாம். காதொலிப்பானில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கவேண்டும். தன் குரல் தனக்கே கேட்கவேண்டாம் என்று நினைத்துப் பாடிய ஒருவரை, அவர் கேட்க விரும்பாத அந்தக் குரலை, நாம் மிக அருகில் கேட்கிறோம்.