கோச்சடையானும் கிராபிக்ஸ் கார்டும்

கணிப்பொறியில் அசைவூட்டப் படம் செய்யப் பழகும் மாணவர்கள் முதலில் கேட்கும் வினா, "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்பதே. உயர்ந்த விலைக் கார்டு கிடைத்துவிட்டால் படமும் தானே உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அவ்வினாவுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்நம்பிக்கை எவ்வளவு சரி என்பதைத் தமிழில் நடந்த ஒரு பெருமுயற்சியைக் கொண்டு ஆராய்வோம்.

2014 மே 23 அன்று வெளியான 'கோச்சடையான்', சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய படம். மோஷன் கேப்சர் முறையில், உண்மைத் தோற்றம் கொண்ட உருவங்களுடன் இந்தியாவில் வந்த முதற்படம் என்று அது விளம்பரம் பெற்றது. நடிகரின் உடலில் குறிகளைப் பொருத்தி, அவர் அசையும்போது அக்குறிகளின் இடமாற்றத்தைக் காமிராக்கள் பதிவு செய்யும். அப்பதிவைக் கணிப்பொறி உருவத்தின் மூட்டுகளில் ஏற்றுவதே இம்முறை.

படத்தின் அரண்மனைகளும் படைகளும் கடற்காட்சிகளும் பாராட்டத்தக்கவை. 2009-இல் மறைந்த நாகேஷின் உருவத்தை மீண்டும் திரையில் உலவவிட்டது துணிச்சலான செயல். ஆயினும் உருவங்கள் அருகில் வந்ததும் குறை தெரிகிறது. கண்களில் நோக்கம் இல்லை. நடக்கும் கால்கள் தரையை அழுத்துவதாகத் தோன்றவில்லை. ரஜினிகாந்தின் கவர்ச்சி அவரது வேகத்தில் மட்டும் இல்லை. வேகம் மாறுவதில் இருக்கிறது. அசையாது நிற்பவர் சட்டென்று கையை வீசுவார். மறுகணம் மீண்டும் சிலையாவார். இயற்பியல் மொழியில் இது முடுக்கம். இப்படத்தில் அந்த முடுக்கம் மழுங்கி, ஏறத்தாழச் சீரான வேகமாகிவிட்டது.

இக்குறையை எந்தக் கார்டும் நீக்கியிராது. 1920 × 1080 அளவுள்ள ஒரு படச்சட்டத்தில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி, என்ன நிறம் என்று கணக்கிட வேண்டும். ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் அடுத்த புள்ளியைச் சார்ந்ததன்று. ஆகவே கார்டிலுள்ள ஆயிரக்கணக்கான சிறு கணக்கிடும் அலகுகள் ஒரே நேரத்தில் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கார்டு தருவது ஒளியும் விரைவும். கை எப்போது அசைய வேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

அந்த விரைவையும் குறைத்து மதிப்பிடலாகாது. நொடிக்கு 24 சட்டங்கள் என்றால் இரண்டு நிமிடப் படத்துக்கு 2,880 சட்டங்கள். ஒரு சட்டத்துக்கு 10 நிமிடம் பிடித்தால் மொத்தம் 480 மணி, அதாவது 20 நாள். அதையே 2 நிமிடத்தில் முடிக்கும் கார்டுக்கு 4 நாள் போதும். மிஞ்சும் நாட்களில் மாணவர் தம் படத்தைத் திருத்தலாம். கார்டின் உண்மைப் பயன் இதுவே.

வாங்கும்போது பெயரை விட நினைவகத்தைப் பாருங்கள். காட்சியிலுள்ள உருவங்களும் மேற்பரப்புப் படங்களும் கார்டின் நினைவகத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலை மிக மெதுவாகும், அல்லது நின்றே போகும். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி நினைவகம் இருந்தது. 2023-இல் வந்த 4060-இல் 8 ஜிபிதான். புதியது விரைவானது, மின்சாரமும் குறைவாகவே உண்ணும்; ஆயினும் பெரிய காட்சிகளுக்குப் பழையதே இடம் கொடுக்கும். உங்கள் கணிப்பொறியின் பவர் சப்ளை அந்தக் கார்டைத் தாங்குமா என்பதையும் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்துச் சான்று ஒன்றும் உண்டு. லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் 2024-இல் வெளியிட்ட 'ஃப்ளோ' படம் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் உருவானது. 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அதிலுள்ள பூனையின் ரோமம் இழை இழையாக மின்னவில்லை. ஆனால் அது தாவுமுன் பதுங்குவதும், இறங்கியபின் உடல் தாழ்ந்து எழுவதும் மெய்ப்பூனையின் அசைவுகள்.

எனவே மாணவர்கள் கார்டுக்குப் பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பந்தைக் கீழே விழச் செய்து பழகுங்கள். முதற்சட்டத்தில் அது விழும் தொலைவு சுமார் 8.5 மில்லிமீட்டர்; அடுத்தடுத்த சட்டங்களில் அதைப்போல் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு. கலிலியோ கண்ட ஒற்றைப்படை எண்களின் விதி இது. பின்பு, எங்கள் திருவண்ணாமலையில் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஓடும் பெரிய தேரை நினையுங்கள். வடம் முதலில் இறுகுகிறது, இழுப்பவர்கள் பின்சாய்கிறார்கள், சற்று நேரம் தேர் அசைவதே இல்லை, பிறகு மெல்ல உருள்கிறது. அந்தத் தயக்கத்தில்தான் அதன் எடை தெரிகிறது. அதை ஒரு பெட்டியையும் ஒரு கயிற்றையும் மட்டும் வைத்துச் செய்து பாருங்கள். பழைய கணிப்பொறியே போதும்.