பிடியரிசியும் நேர்ந்த மரமும்

யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து சபைகளைப் பற்றி எழுதுவோர் 1823இன் வட்டுக்கோட்டை செமினரி, 1824இன் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841இன் உதயதாரகை, மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழில் புகட்டிய மருத்துவம் என்றே தொடங்குவர். அவை போற்றத்தக்கவைதாம். ஆனால் கிராமத்து ஆலயங்களில் ஞாயிறுதோறும் வந்து அமர்ந்தவர்களில் பலர் கமக்காரர். அவர்களுடைய பக்திக்கு உரிய இடம் இன்னும் கொடுபடவில்லை.

மரபுகள் மூன்று. 1814இல் மெதடிஸ்தர் வந்தனர். பட்டினமும் பருத்தித்துறையும் அவர்களுடைய களம். பாட்டும் சிறு வகுப்புக் கூட்டமும் அவர்களின் உயிர். 1818இல் யோசேப் நைற் ஐயர் நல்லூரில் தொடங்கிய அங்கிலிக்க சேர்ச் மிஷன், செபப்புத்தகத்தின் ஒழுங்கில் நடந்தது. 1816இல் டானியல் பூவர் ஐயர் தெல்லிப்பழைக்கு வந்ததோடு வேரூன்றிய அமெரிக்க மிஷனோ பிரசங்கத்தையும் சபையாரின் நடத்தை விசாரணையையும் முதன்மையாக்கியது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் வழிபட்டு, பின்னர் பாழடைந்து கிடந்த கோயில்களைத்தான் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் திருத்தி எடுத்தார்கள். தோட்டக்காரச் சபை என்று சொல்லத்தக்கது பெரிதும் இந்த மூன்றாவதே. வலிகாமத்துச் செம்மண் அதன் காலடியில் இருந்தது.

அந்த மண் கிணற்றை நம்பியது. துலாவில் ஏறி மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து ஊற்ற ஒருவர், பாத்திக்குத் தண்ணீர் மாற ஒருவர் வேண்டும். ஓய்வுநாளில் வேலை ஆகாது என்ற கட்டளை கடல் கடந்து வந்தது. புகையிலைக் கன்றுக்கோ கிழமை தெரியாது. பங்குக் கிணற்றில் தங்கள் முறை ஞாயிறு விழுந்தால் பக்கத்து வளவுச் சைவக் குடும்பத்தோடு மாற்றிக்கொள்வார்களாம். அவர்களுடைய கோயில் திருவிழா வந்தால் இவர்கள் விட்டுக்கொடுப்பார்களாம். என் அம்மம்மா இதைச் சொல்லும்போது அயலாரின் பெயர்களையும் சேர்த்தே சொல்லுவா. எங்கள் ஓய்வுநாள் அவர்கள் தயவிலும் நின்றது.

இந்த மரபின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? பெண்கள் சேர்த்த அரிசியைக் கொண்டு என்பேன். உலைக்கு அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் இடுவது அமெரிக்க மிஷன் சபைப் பெண்களின் வழக்கம். காசு ஆண்களின் கையில் இருந்தது, அடுப்படி பெண்களுடையது. குரக்கன் கூழோடு பொழுது போகும் வீட்டில் அந்தப் பிடி சிறிய காரியமல்ல. சிலர் ஒரு தென்னையையோ பனையையோ கோயிலுக்கென்று நேர்ந்து, அதன் பலனைத் தொடாமல் கொடுத்தார்கள். தை, மாசியில் நெல் அறுத்த பின் நன்றி ஆராதனைக்குக் கடகங்களில் நெல், பூசணி, வாழைக்குலை என்று வந்து இறங்கும். பிறகு கோயில் முற்றத்தில் ஏலம். முதற்பலன் என்ற வேதச்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். கிணற்றடியில் நின்ற சாதி, கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை. ஒரே அப்பத்தில் பங்குகொள்ள அழைக்கப்பட்டவர்களிடையே இருக்கை வேற்றுமை பார்த்தது இந்த மரபின் மேல் கிடக்கும் பெரும் பழி. 1920களில் சமபந்தி, சம ஆசனத்துக்காக எழுந்த யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசில் கிறிஸ்தவரான ஹன்டி பேரின்பநாயகம் முன்னின்றது நமக்கு ஆறுதல். பழியை அது துடைக்காது.

1947இல் அமெரிக்க மிஷன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயின. சபாபதி குலேந்திரன் முதற் பேராயர். மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் தனித்தே நின்றனர். துலா போய் இறைப்பு இயந்திரம் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். தோட்டமும் கோயிலும் பல்லாண்டு ஆளற்றுக் கிடந்தன.

பிடியரிசிக் கணக்கு எழுதிய பழைய கொப்பி, ஏலத் துண்டு, நேர்ந்த மரம் நின்ற வளவின் குறிப்பு எது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும், கறையான் தின்னுமுன் படியெடுத்து உங்கள் சபைப் போதகரிடம் கொடுங்கள்.