பச்சைச் சூரியனும் ஒரு மலாய்ப் பாட்டும்

1883 ஆகஸ்ட் 27 அன்று கிரகத்தாவ் எரிமலை வெடித்தது. இலக்கிய நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் மூங்கின் 'அலறல்' ஓவியம் உடனே வந்துவிடும். அந்தச் சிவப்பு வானம் எரிமலையால் வந்ததுதானா என்பதே இன்னும் வாதத்தில் இருக்கிறது. ஆனால் ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், வெடிப்புக்குப் பின் சில மாதங்களிலேயே கல்லச்சில் வந்த ஒரு மலாய்ப் பாட்டைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இன்று அதன் பெயர் 'சியாயிர் லம்போங் காராம்'. ஜாவியில் எழுதியவர் முகமது சாலே. லெய்டன் ஆய்வாளர் சூர்யாடி அதை ரூமியில் பதிப்பித்திருக்கிறார்.

நான் எஞ்சினியர். கிரகத்தாவை முதலில் வரைபடமாகத்தான் பார்த்தேன். உலகத்தைக் குளிர வைப்பது சாம்பல் இல்லை, அது சீக்கிரம் கீழே இறங்கிவிடும். கந்தக வாயுதான் மழை எட்டாத உயரத்துக்குப் போய், அமிலத் துளிகளாக மாறி, ஓரிரு ஆண்டுகள் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. 1991இல் பினாதுபோ சுமார் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடைக் கக்கியது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. 1883 செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்ததை, சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிக்கி ஸ்மித் பதிவு செய்தார்.

முகமது சாலேவின் பாட்டில் இதெல்லாம் கிடையாது. சாம்பல் கொட்டுகிறது, கடல் ஏறி வருகிறது, லம்போங் கரையில் ஊர் ஊராக அழிகிறது. 'உள்ளூர்க்காரர் எழுதிய நேரடிச் சாட்சியம்' என்று இதைப் பாராட்டுகிறார்கள். சரிதான், ஆனால் சாட்சியம் என்ற பெயரிலேயே இதைக் கவிதை அலமாரியிலிருந்து எடுத்து ஆவண அலமாரியில் வைத்துவிடுகிறோம். மக்கள் ஒருவருக்கொருவர் உதவியதைச் சொல்லும் அதே பாட்டு, அந்த நேரத்திலும் பணத்தையும் பொருளையும் கொள்ளையடித்தவர்களையும் சொல்கிறது. வெறும் ஒப்பாரி என்றால் இது உள்ளே வந்திருக்காது. மனிதர்களைத் தெரிந்த ஒருத்தர் எழுதியது இது.

குறையும் உண்டு. நாலடிக்கும் ஒரே இயைபு, பாட்டு முழுக்க அப்படித்தான். ஒரே மூச்சில் படித்தால் அலுத்துவிடும். நம்ம கும்மி, சிந்து மாதிரி வாய்விட்டுப் படிக்க வேண்டிய பாட்டு.

உலகம் குளிர்ந்த கதையில் 36,000க்கும் மேற்பட்ட சாவுகள் ஒரே வரியில் முடிந்துபோகின்றன. இங்கே அவர்கள்தான் கதை. எஸ்.பி.எம். வரை மலாய் படித்த நமக்கு இதைப் படிக்க மொழிபெயர்ப்பு தேவையில்லை. படிக்காமல் இருப்பதற்கு என்ன சாக்குச் சொல்லப் போகிறோம்?