பெயர் கூறாப் பெயரீடு: குன்றக்குரவையும் எக்ஸிடர் விடுகதைகளும்

இடைக்கால ஆங்கிலக் கவிதையின் அணிமொழியைத் தமிழோடு ஒப்பிட முனைவோர்க்கு முதலில் தோன்றுவது ‘கென்னிங்’ என்னும் சொல்லாட்சியாகும். கடலைத் ‘திமிங்கிலத்தின் வழி’ என்றும் உடலை ‘எலும்பு வீடு’ என்றும் பெயர் மறைத்துச் சுட்டுவது அது. சிலப்பதிகாரத்தின் 24ஆம் காதையான குன்றக்குரவையில் கண்ணகியும் பெயரின்றியே சுட்டப்படுகிறாள். எனினும், அதற்கு நிகரானது கென்னிங் அன்று, விடுகதையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

கென்னிங்கில் சுட்டப்படும் பொருளைக் கேட்போர் முன்பே அறிவர். பழகிய கடலுக்கே புதிய பெயர் கிடைக்கிறது. வேங்கை நிழலில் நின்றவளைக் கண்ட குறவரோ அவளை அறியார். வள்ளியோடு ஒப்பிட்டும், முலையிழந்த தோற்றத்தைக் கூறியும் யாரென வினவுகின்றனர். தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை, ஒப்புமையால் அமைவது, தோன்றுவதைக் கூறுவதால் அமைவது என இரு வகைப்படுத்தும். குறவரின் வினாவில் இவ்விரு கூறுகளும் ஒருங்கே காணப்படுகின்றன.

10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த எக்ஸிடர் சுவடியின் விடுகதைகள் பலவற்றில் பொருளே தன்மையிடத்தில் பேசித் தன் பெயரைக் கூறுமாறு கேட்கிறது. சுவடியில் விடை தரப்படவில்லை; கேட்போரே விடுவிக்க வேண்டும். கண்ணகியும் தன்மையிடத்திலேயே விடையிறுக்கிறாள். மதுரையின் அழிவையும் கணவனை இழந்ததையும் தன் தீவினையையும் கூறுகிறாளேயன்றித் தன் பெயரைக் கூறவில்லை. குறவரும் அதனைக் கேட்டு நிற்கவில்லை. தெய்வமாகக் கொண்டு குரவையாடுகின்றனர். காட்சிக் காதையில் சேரனிடம் செய்தி உரைக்கும்போதும் அவள் எந்நாட்டாள், யார் மகள் என்பதை அவர்கள் அறியவில்லை. அவள் வரலாற்றை மன்னனுக்கு விளக்குபவர் சாத்தனாரே. விடுகதையில் பெயரறிதலே முடிவு. இங்கோ பெயரறியும் முன்பே வழிபாடு தொடங்கிவிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூருக்கு மேலுள்ள மலையில், சித்திரை முழுநிலவு நாளில் கண்ணகி கோட்டமென மக்கள் வழிபடும் கோயில் மங்கலதேவி என்ற பெயராலும் அறியப்படுகிறது. கணவனை இழந்தவளுக்கு மங்கலப் பெயர் வழங்குவது கருதத்தக்கது. கோயிலின் காலத்தைக் காப்பியத்தோடு இணைக்க இது சான்றாகாது. எனினும், இயற்பெயருக்குப் பதிலாக வழிபாடு தந்த பெயர் நிலைபெறுதல் என்ற அளவில், குன்றக்குரவையின் பெயரீட்டு முறையோடு இது ஒத்துச் செல்கிறது.

குறவரின் கூற்றை உருவகமென்றோ சுற்றிவளைத்துக் கூறலென்றோ மட்டும் வகைப்படுத்தினால், அவ்வழிபாட்டின் அடிப்படையான அறியாமை பார்வையிலிருந்து நழுவிவிடும். எனவே, அணிகளை ஒப்பிடும் ஆய்வு சொல்லின் வடிவத்தோடு நில்லாது, யார் யாரிடம் எதனை அறிந்து, எதனை அறியாது பேசுகின்றனர் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.