மலையகப் பக்கத்தில் பேசுவது யார்?

தோட்டத் தொழிலாளர்களாக மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டானதை 2023இல் ‘மலையகம் 200’ என நினைவுகூர்ந்த நாள் தொட்டு ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. கொழும்பிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகைகள் மலையகத்துக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குகின்றன, தனி வார இதழே நடத்தியிருக்கின்றன. இதுவே அம்மக்களுக்குக் கிடைத்த அங்கீகாரம், இதில் குறை தேடக் கூடாது என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. வீரகேசரி நாளிதழின் தோட்ட மஞ்சரிப் பக்கமும் சிறுகதைப் போட்டிகளும் ஒரு தலைமுறை எழுத்தாளர்களை வெளியே கொண்டுவந்தன. 1971இல் வந்த ‘கதைக்கனிகள்’ சிறுகதைத் தொகுப்பு அதன் விளைச்சல். பின்னர் மலையகத்துக்கான ‘சூரியகாந்தி’ வார இதழ் வந்தது. இன்றும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் மழையிலும் மண்சரிவிலும் ஓடித் திரியும் நிருபர்களின் உழைப்பு பெரியது.

ஆனால் அந்தப் பக்கத்தில் பேசுவது யார்? அமைச்சர் பேசுகிறார். தொழிற்சங்கப் பொதுச்செயலாளர் பேசுகிறார். அவருக்குப் பதில் சொல்லும் எதிரணித் தலைவர் பேசுகிறார். கொழுந்து பறிப்பவர் அங்கே வருவது பெரும்பாலும் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகும்போது, லயம் எனும் வரிசைவீடு எரியும்போது, மண் சரியும்போது. வயதும் தோட்டமும் டிவிஷனும் சரியாக அச்சாகும். அவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் அச்சாகாது. பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன். இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்பளச் செய்தியை எடுத்துப் பாருங்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி வந்தது. பெரிய தலைப்புகள், தலைவர்களின் படங்கள், நன்றி அறிக்கைகள். அதற்குப் பிறகு பல தோட்டங்களில் நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டது. அந்தக் கிலோ எட்டாதவருக்கு அரைப்பேர். அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து மாலைவரை மலையில் நின்றவருக்கு அரை நாள் சம்பளம். ஆயிரம் ரூபா யார் கைக்கு முழுதாய்ப் போனது என்பதுதான் செய்தி. அது உள்பக்கத்தின் ஓரத்தில், அதுவும் இன்னொரு தலைவரின் கண்டன அறிக்கையாகத்தான் வந்தது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி நாட்சம்பளம் 1700 ரூபா என்று அறிவித்தார், தலைப்பு வந்தது. ஜூலையில் அதற்கு உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1350 ரூபாவுக்கு இணக்கம் வந்தது. இந்த நான்கு மாதங்களில் ஒரு குடும்பம் கடைக்கடனை எப்படிச் சமாளித்தது என்று எந்த வார இதழாவது தொடர்ந்து எழுதியதா? நான் படிக்கவில்லை.

தனிப் பக்கம் இன்னொரு கெடுதலையும் செய்கிறது. தேயிலை ஏற்றுமதி வருமானம் பொருளாதாரப் பக்கத்துக்குப் போகிறது. அந்தத் தேயிலையைப் பறித்தவரின் கூலி மலையகப் பக்கத்துக்குப் போகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் படிக்கும் வாய்ப்பு வாசகருக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதற்குப் பெயர் அங்கீகாரமா?

தொழிலாளியின் குரல் வராததற்குக் காரணம் உண்டு. பிராந்திய நிருபருக்கு மாதச் சம்பளம் கிடைப்பது அரிது. பிரசுரமாகும் செய்திக்கே காசு. தலைவர்களின் அறிக்கையோ எழுதிய வடிவில், படத்தோடு, கைபேசிக்கே வந்துவிடுகிறது. மலை ஏறிப் போய் நான்கு பேரிடம் விசாரிக்க பஸ் காசும் ஒரு முழுநாளும் வேண்டும். குற்றம் நிருபர்மீது இல்லை, அந்த ஒரு நாளுக்குக் காசு கொடுக்க மறுக்கும் ஆசிரிய பீடத்தின்மீதுதான்.

தோட்டத்துக்குள் போகத் துரைமார், அதாவது தோட்ட நிர்வாகிகள், விடமாட்டார்கள் என்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு பத்திரிகையாளரும் தொழிற்சங்கவாதியுமான கோ. நடேசய்யரையும் விடவில்லை. அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே போனார். கண்டதை எழுதினார், 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கி 1940இல் நூலாக வெளியிட்டார். அன்றைய துரைமாரின் அதிகாரத்தோடு ஒப்பிட்டால் இன்றைய தடை சிறியது.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1998இல் சக்தி டிவி வந்தபோது எனக்கு எதிர்பார்ப்பு இருந்தது. லயக் கூரைகளில் டிஷ் ஏறிய பின் மாலைநேரம் சென்னைத் தொடர்களுக்குப் போய்விட்டது. உள்ளூர் அலைவரிசைகளுக்குத் தேயிலை மலை பெரும்பாலும் பின்னணிக் காட்சி. அந்த மலையில் வேலை செய்பவர்களை மையமாக வைத்து ஒரு நல்ல தொடர்கூட இன்னும் நிலைக்கவில்லை.

ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த சம்பள அறிவிப்பு வரும்போது தலைவரின் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து, மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒரு நிருபரைச் செலவு கொடுத்து அனுப்புங்கள். சம்மதிக்கும் ஒரு தொழிலாளியின் சம்பளத் துண்டை, பெயரை மறைத்து, அந்தத் தலைவரின் படத்தின் அதே அளவில் முதற்பக்கத்தில் அச்சிடுங்கள்.